சலுகை செத்த மாதத்தில் ஒன்பது கார்

ஷோரூமுக்குள் ஓர் ஈ வந்திருந்தது. ஒன்பது மணிக்குக் கடை திறந்ததிலிருந்து பதினொரு மணிவரை வந்த ஒரே வாடிக்கையாளர் அதுதான் என்பதால் முதலாளி அதை ஓட்டவில்லை.

அதற்கு அடுத்து வந்தவர்கள் அண்ணியும் கொழுந்தனும்.

கொழுந்தனுக்குத்தான் அவர் அண்ணி. மற்றவர்களுக்குத் துப்பறிவாளர். இருபத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டு, வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் திறந்தவர். டிக்கெட் இல்லாதவன் முகத்தை மட்டும் பார்த்தே பாதி உலகத்தைப் புரிந்துகொண்டவர். கொழுந்தனுக்கு வயது நாற்பத்திரண்டு. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் கற்றுத் தேறிய ஒருவர் அந்த டிரைவிங் ஸ்கூலின் சுவரையே இடித்துக்கொண்டு உள்ளே வந்ததால், அண்ணியிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். பெரிய சம்பளம் இல்லை. பெரிய வேலையும் இல்லை. இரண்டும் சரிக்குச் சரி.

"நான் நேரா விஷயத்துக்கு வர்றேன் மேடம்," என்று சொல்லிவிட்டு, கண்ணாடி அறைக்குள் முதலாளி பத்து நிமிடம் சுற்றி வளைத்தார். சாரம் இதுதான்.

எலக்ட்ரிக் கார் வாங்குகிறவர், அந்த வருடம் தான் கட்ட வேண்டிய வருமான வரியில் ஒரு பெருந்தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சலுகை கொடுத்திருந்தது. போன மாதக் கடைசித் தேதியோடு சலுகைக்கு ஆயுள் முடிந்தது. அந்தக் கடைசி வாரம் ஷோரூமில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். கலர் பார்க்காமல் வாங்கினார்கள். ஒருவர் கதவு எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஈ.

"ஆறு பேர் விற்பனையில இருக்காங்க. இந்த மாசம் அஞ்சு பேர் வித்தது சைபர். ஒருத்தி மட்டும் ஒன்பது. எப்படிம்மான்னு கேட்டேன். 'வாங்கினாங்க சார்'ங்கறா."

"தப்பில்லாத பதில்தானே?" என்றான் கொழுந்தன்.

"தம்பி, சலுகை இருக்கும்போதே நாக்குத் தள்ள விக்கணும். செத்த பிறகு யார் வாங்குவா? ஒரே வழிதான் இருக்கு. பில்லுல போன மாசத் தேதியைப் போட்டுக் குடுக்கறா. வாங்கினவங்க அதைக் காட்டி வரியில கழிச்சுக்கறாங்க. வரி ஆபீஸ் கண்டுபிடிச்சா என் கடைக்குப் பூட்டு."

மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று வரி ஆபீஸுக்குப் புகார்க் கடிதம். அவள் செய்தது மோசடி, தனக்குச் சம்பந்தமில்லை என்று டைப் செய்திருந்தது. இன்னொன்று பணி நிரந்தர ஆணை. அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. இரண்டிலும் கையெழுத்து இல்லை.

"அஞ்சு மணிக்குள்ள ரெண்டுல ஒண்ணுல கையெழுத்துப் போடணும். எதுலன்னு நீங்க சொல்லுங்க."

"அவங்க வீட்ல யாரெல்லாம்?" என்று கேட்டார் அண்ணி.

"புருஷன் எலக்ட்ரீஷியன். ஏணியிலேருந்து விழுந்து இடுப்பெலும்பு போச்சு. நாலு மாசமாப் படுத்த படுக்கை. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. அதனாலதான் மேடம் சந்தேகமே. தேவை இருக்கறவங்கதானே தப்பு பண்ணுவாங்க?"

"தேவை இல்லாதவங்க பண்ணினா அதுக்குப் பேரு வியாபாரம்," என்றான் கொழுந்தன். முதலாளி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அவர் ஒன்பது பேருடைய கோப்புகளையும் தூக்கி, கடைசிப் பக்கத்தை மட்டும் விசிறிபோல் விரித்துக் காட்டினார். எல்லாவற்றிலும் இந்த மாதத் தேதி.

"இது நம்ம கையில இருக்கற நகல். அவங்ககிட்டக் குடுத்ததுல என்ன தேதியோ? இன்னொண்ணு பாருங்க. கடைக்குள்ள யார் வந்து விசாரிச்சாலும் ஒரு கார்டு எழுதணும். இந்த ஒன்பது பேருக்கும் இந்த மாசம் கார்டே கிடையாது. நேரா வந்தாங்க, கையெழுத்துப் போட்டாங்க, ஓட்டிட்டுப் போனாங்க. விசாரிக்காம எவனாவது கார் வாங்குவானா? முன்னாடியே பேசி முடிச்சு வச்சிருக்கா!"

அது கொஞ்சம் உறைத்தது. கொழுந்தன் கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறுகிறவன்.

"தம்பி, நீ போய் ஒரு கார் விசாரி," என்றார் அண்ணி.

வெளியே ஐந்து விற்பனையாளர்கள் ஆளுக்கொரு காரில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். முதலில் பாய்ந்து வந்தவர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். கடையில் அவருக்குப் பெயரே முப்பத்திரண்டு.

"வாங்க சார், வாங்க! உக்காருங்க! வருஷத்துக்கு வரி எவ்வளவு கட்டுறீங்க சார்?"

பெயர் கேட்கவில்லை. என்ன கார் வேண்டும் என்றும் கேட்கவில்லை. கார்டில் முதல் வரியே அதுதான்.

"வரி கட்டுற அளவுக்கு யாரும் எனக்கு இன்னும் சம்பளம் குடுக்கல," என்றான் கொழுந்தன், உள்ளது உள்ளபடி.

ஒரு சிரிப்பு எவ்வளவு வேகமாக மூடும் என்பதை அவன் அன்று பார்த்தான். முப்பத்திரண்டும் உள்ளே போயின. வண்ணப் புத்தகமும் மூடியது. கடமைக்குப் பெயரும் அட்ரஸும் போன் நம்பரும் கேட்டு எழுதிய கார்டு, மேஜையின் கீழ் டிராயருக்குப் போனது. அண்ணி அருகே வந்து நின்று அந்த டிராயரை எட்டிப் பார்த்தார். உள்ளே நாலே நாலு கார்டு கிடந்தன. மேல் டிராயர் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"மேல என்ன, கீழ என்ன?"

"மேல வரி கட்டுறவங்க மேடம். கீழ கட்டாதவங்க. அவங்களுக்குச் சலுகையால பைசா பிரயோஜனம் இல்ல. வரியே இல்லாதவன் எதுல கழிப்பான்? முழு விலை குடுக்கணும்னு தெரிஞ்சதும் ஓடிடுவாங்க. அவங்களோட பேசறது வேஸ்ட்."

"இந்தக் கார்டு முறை எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷமா."

"சலுகைதான் போயிடுச்சே. இன்னும் எதுக்குக் கேக்கறீங்க?"

முப்பத்திரண்டு யோசித்தார். அந்த உறுப்பைக் கொஞ்ச நாளாக உபயோகிக்காததால் சிரமப்பட்டார். "கார்டுல முதல் வரியில இருக்கே மேடம்."

சுவரில், ஊழியர்கள் டீ குடிக்கும் இடத்துக்கு மேலே, முதலாளி கையெழுத்தோடு ஒரு பலகை தொங்கியது. 'வரி கட்டாதவரிடம் நேரம் செலவிடாதே. மீறினால் வேலை இல்லை.' அதன் பக்கத்தில் போன மாத விலைப் பலகை. அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. 'சலுகை போக' என்று கொட்டை எழுத்தில் ஒரு விலை இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

ஷோரூமின் கடைசியில் ஒரு பெண் நின்றபடி கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"அதுதான் நம்ம சைலன்சர்," என்றார் முப்பத்திரண்டு. "வாயே திறக்காது."

சைலன்சரே இல்லாத கார் விற்கும் கடையில் இப்படி ஒரு பெயர். கொழுந்தன் அதை மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

அண்ணி அவளிடம் போனார். "உன்னைப் பத்தித்தான்மா விசாரிக்கறோம். ஏதாவது சொல்லணுமா?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். பலகைப் பக்கம் ஒரு முறை கண் போய் வந்தது. "வாங்கினவங்களைக் கேளுங்க மேடம்," என்றாள். மறுபடி துடைத்தாள்.

*

அண்ணியின் பெட்ரோல் கார் கிளம்புவதற்கு முன் மூன்று முறை இருமும். நான்காவது முறை தெருவே திரும்பிப் பார்க்கும்.

"துப்பறியப் போற வண்டி, தம்பட்டம் அடிச்சுக்கிட்டுப் போகுது," என்றான் கொழுந்தன். "அண்ணி, நாமளும் ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கினா என்ன?"

"வாங்கலாம். நீ குடு."

பேச்சு அங்கே முடிந்தது.

ஒன்பது பேரில் பக்கத்தில் இருந்தது ஒரே ஒருவர்தான். நாய்க்கு முடி வெட்டுகிற அக்கா. வீடு வீடாகப் போய் வெட்டுவார். விற்ற ஒன்பதில் ஒன்று அவர் வாசலில் நின்றது. பின் இருக்கையை மடக்கி உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஷாம்பு டப்பாக்கள், முடி உலர்த்தும் மெஷின். மெஷினின் வயர் காரிலேயே செருகியிருந்தது. தொட்டியில் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய் நுரையோடு நின்று கொழுந்தனைப் பார்த்தது. கொழுந்தன் அண்ணிக்குப் பின்னால் போய் நின்றான்.

"கடிக்காதுப்பா," என்றார் அக்கா.

"அதுக்குத் தெரியுமாங்க?"

"புது வண்டி எப்படி இருக்கு?" என்றார் அண்ணி.

"அதையேன் கேக்கறீங்க! முன்னாடி இருந்த ஓட்டை வண்டி தெரு முனையில வந்தாலே போதும், எல்லா நாயும் கட்டிலுக்கு அடியில போயிடும். இழுத்து வெளிய கொண்டு வரவே அரை மணி. இப்ப சத்தமே இல்லையா? கதவைத் திறந்து 'வாடா ராஜா'ன்னு சொல்ற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாளைக்கு ரெண்டு நாய் கூடுதலா வெட்டறேன்."

தொட்டியிலிருந்தவர் பெருமூச்சு விட்டார்.

அண்ணி கார் காகிதங்களைக் கேட்டார். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து வந்து கொடுத்தார். கொழுந்தன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். தேதி இந்த மாதம்தான். ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அதற்குக் கீழே விலை இருந்தது. ஷோரூம் பலகையில், கொட்டை எழுத்துக்கு மேலே சின்னதாக எழுதியிருந்த முழு விலை அவனுக்கு ஞாபகம் இருந்தது. இது அதைவிட நன்றாகவே குறைவு.

"பத்து நாள் முன்னாடி வந்திருந்தீங்கன்னா வரியில கழிச்சிருக்கலாமே?" என்றார் அண்ணி.

"எனக்கு வரின்னு ஒண்ணு வந்தாத்தானேக்கா கழிக்க? நான் சம்பாதிக்கறது ஷாம்புக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போகுது. போன வருஷம் ஒரு தடவை அந்தக் கடைக்குப் போனேன். பல்லைக் காட்டிட்டு ஒருத்தர் வந்தார். வரி இல்லன்னேன், பல்லை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். வண்டிக்குள்ள உக்காந்துகூடப் பாக்கல."

"அப்புறம் எப்படி வாங்கினீங்க?"

"அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு, போன வாரம். கடையிலேருந்து இல்ல, வீட்டிலேருந்து. பின்னாடி ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்லிக்கிட்டிருந்துச்சு. 'நீங்க இப்ப வந்து பாருங்கக்கா'ன்னுச்சு. வந்தேன். வண்டியில உக்கார வச்சு, ரெண்டு ரவுண்டு ஓட்டச் சொல்லி, நாய்த் தொட்டி வைக்க இடம் அளந்து குடுத்துச்சு. இஞ்ச் டேப்பு அதோட பையிலயே இருந்துச்சு."

காரில் ஏறியதும் கொழுந்தன் மூன்று விரலை நீட்டினான். "முடிஞ்சுது அண்ணி. கார்டு இல்ல. கடைக்குத் தெரியாம வீட்டிலேருந்து போன். விலையை இஷ்டத்துக்குக் குறைச்சு வித்திருக்கா. மூணு ஆணி. அடிச்சா ஆடாது."

சொல்லிவிட்டான். ஆனால் அந்த இஞ்ச் டேப் அவனுக்கு உறுத்தியது. கார் விற்கிறவள் பையில் இஞ்ச் டேப் வைத்துக்கொள்வாளா? திருடிக்கு எதற்கு அளவு?

அண்ணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். டிக்கெட் இல்லாதவர் மாதிரி.

"அண்ணி, பாவமா இருக்கு. தேதி சரியாத்தான் இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடலாமா? விலையைப் பத்தி நாம ஏன் வாயைத் திறக்கணும்?"

"உண்மையில பாதியைச் சொன்னா, மீதி பாதியை அவர் இஷ்டத்துக்கு எழுதிக்குவார். முழுசா சொல்லிடுவோம்."

*

நாலே முக்கால். கண்ணாடி அறையில் முதலாளி பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார். சைலன்சரையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், ஆளுக்கொரு காரை விட்டுவிட்டு, ஒரே காரில் சாய்ந்திருந்தார்கள்.

"தேதியில தப்பு இல்ல," என்றார் அண்ணி.

"ஆனா விலையில இருக்கு," என்றான் கொழுந்தன். சொல்லும்போது மூன்று விரல் மறுபடி நீண்டது. அவளைப் பார்க்காமல் இருக்க, காலண்டரைப் பார்த்தான். "முழு விலையை விடக் குறைச்சு வித்திருக்காங்க சார்."

முதலாளி அவனை ஒரு மாதிரி பார்த்தார். "அது கம்பெனியே குறைச்சதுப்பா."

"யாரு?"

"கார் கம்பெனி. சலுகை போனா யாரும் வாங்க மாட்டாங்கன்னு இந்த மாசம் ஒண்ணாந்தேதி அவங்களே எல்லா ஊர்லயும் விலையை இறக்கிட்டாங்க." டீ கிளாஸைத் தூக்கி, அதன் அடியிலிருந்த வட்டக்கறை படிந்த சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். "என்னத்தை இறக்கி? போன சலுகையில பாதிகூட வராது. வர்றவங்க எல்லாம் 'போன மாசத்தை விட ஏறிப்போச்சே'ன்னு திரும்பிப் போறாங்க."

கொழுந்தன் நீட்டிய விரலில் ஒன்றை மடக்கிக்கொண்டான்.

"எல்லாருக்குமா ஏறியிருக்கு?" என்றார் அண்ணி.

"எல்லாருக்கும்தான்."

"கணக்குப் பாப்போம். கார் விலை நூறுன்னு வச்சுக்கங்க. சலுகை இருபத்தஞ்சு. வரி கட்டுறவருக்குப் போன மாசம் எழுபத்தஞ்சுக்குக் கிடைச்சுது. இந்த மாசம் கம்பெனி பத்து குறைச்சும் தொண்ணூறு. அவருக்கு ஏறிப்போச்சு. வரியே இல்லாதவருக்குப் போன மாசம் என்ன விலை?"

"நூறு."

"இந்த மாசம்?"

முதலாளி வாயைத் திறந்தார். தொண்ணூறு என்ற வார்த்தை தொண்டைவரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"சலுகை செத்ததுல ஊர்ல பாதிப் பேருக்கு நஷ்டம். மீதிப் பேருக்கு அது இருந்ததே தெரியாது. போனதும் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் விலை இறங்கினது மட்டும்தான். உங்க அஞ்சு பேரும் விலை ஏறினவங்களைப் பிடிச்சுக் கெஞ்சிக்கிட்டிருக்காங்க. இவ, விலை இறங்கினவங்களுக்குப் போன் பண்ணினா."

"அவங்க நம்பர் இவளுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் குடுத்தீங்க. ரெண்டு வருஷமா 'வரி எவ்வளவு'ன்னு கேட்டு, இல்லன்னு சொன்னவங்களை எல்லாம் பேரு, அட்ரஸ், போன் நம்பரோட தனி டிராயர்ல போட்டு வச்சீங்களே! இப்படி ஒரு பட்டியலை யாரும் காசு குடுத்தாலும் செஞ்சு தர மாட்டாங்க. ரெண்டு வருஷத்து டிராயர்ல நாலே கார்டு கிடக்கு. அதுல ஒண்ணு என் கொழுந்தன் கார்டு."

கொழுந்தன் மீதி இரண்டு விரல்களையும் மடக்கி, கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். பத்திரமாக இருக்கட்டும்.

முதலாளி அவளிடம் திரும்பினார். "ஏம்மா, இதை அன்னைக்கே என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

அவள் கண்ணாடிக்கு வெளியே, டீ குடிக்கும் இடத்துச் சுவரைப் பார்த்தாள். முதலாளியும் பார்த்தார். தன் கையெழுத்தைத் தானே படிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். சொல்லாததால் ஜெயில் வரை வந்துவிட்டது.

ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் பாக்கி.

"மோசடி இல்ல. ஒத்துக்கறேன்," என்றார் முதலாளி. புகார்க் கடிதத்தை நாலாகக் கிழித்தார். ஆனால் பேனாவை நிரந்தர ஆணைப் பக்கம் கொண்டு போகவில்லை. "இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கில்ல மேடம்? நானே எழுதி மாட்டினது. இன்னைக்கு இவளை விட்டா, நாளைக்கு மத்தவங்க மதிப்பாங்களா? ஒண்ணு பண்றேன். மரியாதையா அனுப்பி வைக்கறேன். நல்ல சர்டிபிகேட்டும் தர்றேன். அந்த முறையை வச்சு மத்த அஞ்சு பேரும் வித்துக்கட்டும்."

பாக்கெட்டில் வைத்த கையைக் கொழுந்தன் வெளியே எடுத்தான். அண்ணியைப் பார்த்தான். அண்ணி கைப்பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தார். துப்பறிகிற வேலை முடிந்துவிட்டது. நியாயம் வாங்கிக் கொடுப்பது ஒப்பந்தத்தில் இல்லை.

"எத்தனை பேருக்கும்மா போன் பண்ணினே?" என்று முதலாளி எழுந்துகொண்டே கேட்டார்.

"முப்பத்தொண்ணு சார்."

"மொத்தம் எத்தனை கார்டு?"

"இருநூத்திப் பதினாலு."

முதலாளி நின்றார். அவர் உதடு கழித்தல் போட்டது. "நூத்தி எம்பத்தி மூணு பாக்கி இருக்கா? சரி, எங்க அந்தக் கார்டெல்லாம்?"

"வீட்ல சார்."

"நாளைக்குக் கொண்டு வந்து குடுத்துட்டு சர்டிபிகேட்டை வாங்கிட்டுப் போ."

"எது எங்க இருக்குன்னு எனக்கு மறந்துடும் சார்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "தற்காலிக வேலையில இருக்கறவங்களுக்கு ஞாபகமும் தற்காலிகம்தான். நிரந்தரமானா நல்லா ஞாபகம் இருக்கும்."

கண்ணாடிக்கு அப்பால் முப்பத்திரண்டு காதை ஒட்ட வைத்து, கண்ணாடியில் மூச்சு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது மிரட்டல் இல்லையா மேடம்?" என்றார் முதலாளி, பரிதாபமாக.

"வியாபாரம்," என்றார் அண்ணி.

முதலாளி உட்கார்ந்தார். ஈ எங்கிருந்தோ வந்து நிரந்தர ஆணையின் மேல் உட்கார்ந்தது. இந்த முறை அதை ஓட்டினார். கையெழுத்துப் போட்டார். மணி நாலு ஐம்பத்தெட்டு.

அவள் ஆணையை வாங்கி, நின்றபடியே ஒரு எழுத்து விடாமல் படித்தாள். நாலாக மடித்துப் பையில் வைத்தாள். ஷோரூமின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, போட்டுட்டாங்க. ஆமா, நிரந்தரம்தான். இல்ல, நிஜமாத்தான். பிள்ளைங்க வந்தாச்சா?" சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அட, அழாதீங்க. மல்லாந்து படுத்துக்கிட்டு அழுதா காதுக்குள்ள தண்ணி போகும். இருங்க, நான் வந்துடறேன். வந்து உக்கார வைக்கறேன், அப்புறம் அழுங்க."

கொழுந்தன் சட்டென்று குனிந்து, பக்கத்திலிருந்த காரின் டயரை ஆராய ஆரம்பித்தான். அது எல்லா டயரையும் போல வட்டமாகத்தான் இருந்தது. அவன் அதை ரொம்ப நேரம் பார்த்தான்.